கடையும் வீடுமாய் ஓர் இல்லம்

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்பது பழமொழி. எங்கள் வீட்டு வாசற்படிக் கல்லும் தேய்ந்திருக்கிறது. ஆனால் அது எறும்பு ஊர்ந்து தேய்ந்த கல் அல்ல. மளிகைச் சாமான் வாங்க வந்தவர்கள் மிதித்து மிதித்துத் தேய்ந்த கல். முன்பக்கம் கடை, நடுவே ஒரு கதவு, அதற்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் வீடு. என் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் இதை எண்ணி வெட்கப்பட்டிருக்கிறேன். என் உடையில் எப்போதும் மிளகாய் வற்றல் வாசனை வீசும் என்று ஒரு தோழி விளையாட்டாகச் சொன்னாள். அன்று முதல் பள்ளித் தோழியர் யாரையும் வீட்டுக்கு அழைப்பதில்லை. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, "கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளம்மா" என்று அப்பா கூப்பிட்டால் எனக்குக் கோபம் கோபமாய் வரும்.

இவ்வாண்டு மறைக்கல்வி வகுப்பில் எங்கள் சிஸ்டர், சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாளைப் பற்றிப் பேசினார்கள். அப்போது, "தெரேசாளும் உன்னைப்போல் ஒரு கடை வீட்டுப் பெண்தான், தெரியுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. நூலகத்தில் இருந்த நூல்களைத் தேடிப் படித்தேன். அந்தக் கடை வீட்டின் வரலாற்றைத்தான் இங்கு உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஊரும் தெருவும்

பிரான்சு நாட்டின் வடமேற்கில் நார்மண்டி என்னும் பகுதி உள்ளது. அங்கே சார்த் என்னும் ஆற்றின் கரையில் அமைந்த சிறிய நகரம் அலான்சோன். இன்றும் அங்கு ஏறத்தாழ 25,000 பேர்தான் வாழ்கிறார்கள். அந்த நகரில் புனித பிளேசியார் தெரு என்று ஒரு தெரு. அரசாங்க அதிகாரியின் பெரிய மாளிகை ஒன்று அத்தெருவில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே செங்கல்லால் கட்டிய ஒரு சிறிய மாடி வீடு. நம் கதையின் நாயகி இந்த வீடுதான்!

காவல் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற இசிதோர் குவெரின் என்பவர் தம் குடும்பத்துடன் 1844ஆம் ஆண்டில் இவ்வீட்டில் குடியேறினார். அவருக்கு இரண்டு பெண்கள், ஒரு மகன். இரண்டாவது பெண்ணின் பெயர் செலி. அவள் 1831 டிசம்பர் 23ஆம் நாள் பிறந்தவள். ஓய்வூதியம் சிறிது, செலவோ பெரிது. பெண்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தாங்களே வழி தேடவேண்டிய நிலை.

செலிக்குக் கன்னியர் மடத்தில் சேர்ந்து நோயாளிகளுக்குப் பணி செய்ய ஆசை. ஆனால் மடத்துத் தலைவி, இது உனக்குரிய அழைத்தல் அன்று என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனம் உடைந்த செலி மன்றாடினாள். 1851 டிசம்பர் 8ஆம் நாள், அமலோற்பவ மாதா திருநாளன்று, அலான்சோன் லேஸ் செய்யும் தொழிலில் இறங்கும்படி தன் உள்ளத்தில் ஒரு குரல் சொன்னதாக அவள் உணர்ந்தாள். அந்தக் கலையை முறையாகக் கற்றாள். 1853ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்திரண்டு வயதை எட்டும் தறுவாயில், தன் தந்தையின் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே அக்காளின் துணையுடன் தொழிலைத் தொடங்கினாள். தெருவில் போவோர் வருவோருக்கு அது ஒரு வீடு. வேலைக்காரப் பெண்களுக்கும் வியாபாரிகளுக்கும் அதுவே கடை!

ஊசியால் ஓவியம்

அலான்சோன் லேஸ் என்றால் என்ன? நாம் கைவேலை வகுப்பில் குரோஷா ஊசியால் பின்னுகிறோமே, அது போன்றதன்று. இது சாதாரணத் தையல் ஊசியாலும் மெல்லிய நூலாலும் மட்டுமே செய்யப்படுவது. 17ஆம் நூற்றாண்டிலேயே இக்கலை அந்நகரில் வளர்ந்துவிட்டது. பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பெர், 1665ஆம் ஆண்டில் பிரான்சில் லேஸ் தொழிலுக்கு அரசின் ஆதரவை அளித்தபோது அலான்சோனும் அதில் இடம்பெற்றது. வெனிசு நகரத்து லேஸுக்காகப் பிரபுக்கள் அள்ளிக் கொடுத்த பணம் நாட்டை விட்டு வெளியே போகாமல் தடுப்பதே அமைச்சரின் நோக்கம்.

இது செய்யப்படும் முறை மிக வியப்பானது. முதலில் தோல்தாளில் பூ வேலைப்பாட்டின் கோடுகள் நெடுக ஊசியால் சிறு சிறு துளைகள் இடுவார்கள். அத்தாளை இரண்டு மடிப்புத் துணியின்மேல் வைத்துத் தைப்பார்கள். பிறகு கோடுகளின்மேல் நூலைப் படுக்கவைத்து, துளைகளின் வழியே தைத்து நிறுத்துவார்கள். அடுத்து, பூக்களுக்கு இடையே வலை போன்ற பின்னல். பின்பு இதழ்களின் உள்ளே நெருக்கமான நிரப்புத் தையல். அதன்பின் ஓரங்கள் எடுப்பாய் நிற்கும்படி குதிரை மயிரை உள்ளே வைத்துச் சுற்றித் தையல். எல்லாம் முடிந்தபின் இரு துணி மடிப்புகளுக்கும் நடுவே கத்தியைச் செலுத்தி நூல்களை அறுத்தால், லேஸ் மட்டும் தனியே கையில் வந்துவிடும்!

ஒவ்வொரு படிக்கும் அதில் தேர்ந்த வெவ்வேறு பெண்கள். ஒரு துண்டின் நீளம் பதினைந்து அல்லது இருபது சென்டிமீட்டர்தான். இப்படிப் பலர் வீட்டில் செய்த துண்டுகளையெல்லாம், இணைத்த இடம் கண்ணுக்குத் தெரியாதபடி ஒன்று சேர்ப்பதே கடைசியான, மிகக் கடினமான வேலை. இந்த வேலையைச் செலி வேறு எவரிடமும் கொடுக்கவில்லை, தாமே செய்தார். இறுதியில் கடல் இறாலின் கொடுக்கினால் தேய்த்து மெருகேற்றுவதும் உண்டு.

ஒரு சதுர சென்டிமீட்டர் லேஸ் செய்ய ஏழு மணி நேரம் ஆகுமாம். இரண்டு சென்டிமீட்டர் நீளமும் இரண்டு சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டுப் பாருங்கள் தோழியரே! இருபத்தெட்டு மணி நேரம்! அவ்வளவு சிறிய துண்டுக்கே இத்தனை நேரம்!

புதுப்பாலத் தெருக் கடை

அதே ஊரில் லூயி மார்ட்டின் என்று ஒரு கடிகாரக்காரர் இருந்தார். 1823ஆம் ஆண்டில் பிறந்தவர். ஆல்ப்ஸ் மலைமேல் உள்ள புனித பெர்னார்து மடத்தில் சேர விரும்பியவர். இலத்தீன் தெரியாததால் மடத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் கடிகாரத் தொழிலைக் கற்றுத் தேர்ந்து, 1850ஆம் ஆண்டில் அலான்சோனில் புதுப்பாலத் தெருவில் ஒரு வீட்டை வாங்கினார். கீழே கடை, அவருடைய பெற்றோரும் அதே வீட்டில் குடியிருந்தார்கள். பின்னால் நகை வியாபாரத்தையும் சேர்த்துக்கொண்டார்.

1858ஆம் ஆண்டில் லூயியும் செலியும் ஊர்ப் பாலத்தில் ஒருவரையொருவர் முதன்முதலாகக் கண்டார்கள். மூன்றே மாதத்தில், ஜூலை 13ஆம் நாள் நள்ளிரவில், மாதா கோவிலில் திருமணம் நடந்தது. மணப்பெண் தன் ஊசிகளோடும் கணக்குப் புத்தகங்களோடும் புதுப்பாலத் தெருவுக்கு வந்து சேர்ந்தாள். ஒரே கூரையின் கீழ் கடிகாரக் கடை, நகைக் கடை, லேஸ் கடை, குடும்பம் என நான்கும்! ஒன்பது குழந்தைகளில் முதல் எட்டுப் பேரும் அந்த வீட்டில்தான் பிறந்தார்கள்.

லேஸ் பெண்கள் ஏறத்தாழ பதினைந்து பேர். அவர்கள் தத்தம் வீடுகளில் வேலை செய்து, வியாழக்கிழமைதோறும் முடித்த துண்டுகளைக் கொண்டுவருவார்கள். செலி அவற்றைச் சோதித்து வாங்கி, கூலி கொடுத்து, அடுத்த வேலைக்கு நூலும் மாதிரியும் கொடுத்தனுப்புவார். வேலையாட்களைத் தம் குடும்பத்தாரைப் போலவே நேசித்தார். நோயுற்றவர்களைத் தாமே சென்று பார்த்தார்.

காலை ஐந்தரை மணிப் பூசைக்குக் கணவனும் மனைவியும் தவறாமல் செல்வார்கள். விடியுமுன் அவர்கள் வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டால், "மார்ட்டின் தம்பதிகள் கோவிலுக்குப் போகிறார்கள், நாம் இன்னும் கொஞ்சம் தூங்கலாம்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லிக்கொள்வார்களாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கதவு

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. லூயி ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் திறக்கவே மாட்டார். ஆனால் சுற்றுப்புறக் கிராமத்து மக்கள் நகருக்கு வருவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். திருமண மோதிரமும் சங்கிலியும் வாங்க வருகிறவர்கள், மூடிய கதவைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். "முன்கதவை மூடிவிட்டுப் பக்கக் கதவை மட்டும் திறந்து வைக்கலாமே" என்று நண்பர்கள் சொல்லிப் பார்த்தார்கள். லூயி இணங்கவில்லை. எந்தக் கதவு என்பதல்ல, எந்த நாள் என்பதே அவருக்கு முக்கியம்.

இதை நான் படித்த இரவு சாப்பாட்டு வேளையில் வீட்டில் சொன்னேன். எங்கள் கடை ஞாயிறு பூசை முடிந்தவுடன் திறக்கப்படும். "நாமும் ஞாயிற்றுக்கிழமை மூடினால் என்ன அப்பா?" என்று கேட்டேன். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "சனிக்கிழமை மாலை கூலி வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் அரிசி பருப்பு வாங்க வருவார்கள். அன்று நான் மூடிவிட்டால் அவர்கள் வீட்டில் உலை வைப்பது எப்படி? மோதிரம் ஒரு வாரம் காத்திருக்கும், பசி காத்திருக்குமா?" என்றார்கள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பாயிதான், "மத்தியானத்துக்கு மேல் மூடலாமே தம்பி. உன் அப்பா இருந்தவரை அப்படித்தானே இருந்தது" என்றார்கள். அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள்.

போரும் இடமாற்றமும்

1870ஆம் ஆண்டில் லூயி கடிகாரக் கடையைத் தம் சகோதரியின் மகனுக்கு விற்றார். மனைவியின் லேஸ் தொழில் அவ்வளவு வளர்ந்திருந்தது. கணக்கு எழுதுவதிலும், பாரிசுக்குச் சென்று ஆர்டர் வாங்கி வருவதிலும் அவர் மனைவிக்கு உதவினார். நூறு ஆண்டுகளுக்கும் முன்னே மனைவியின் தொழிலுக்காகக் கணவர் தம் கடையை விட்டார் என்பதை நம் அண்ணன் தம்பிமார் கவனிக்கவேண்டும்!

அந்த ஆண்டிலேயே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. 1871 ஜனவரியில் பிரஷ்யப் படை அலான்சோனுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு வீட்டிலும் படைவீரர்களைத் தங்கவைக்க வேண்டுமென்று உத்தரவு. மார்ட்டின் வீட்டுக்கு ஒன்பது பேர்! மாடியை அவர்களுக்கு விட்டுவிட்டுக் குடும்பம் கீழ்த்தளத்துக்கு இறங்கிவந்தது. அவர்களில் ஒருவன் கடைப் பொருளைத் திருடியதைக் கண்ட லூயி புகார் செய்தார். ஆனால் திருடும் வீரர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்படுவதை அறிந்தவுடன், ஓடிச் சென்று புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். இழந்த பொருளை விட ஓர் உயிர் பெரிதென எண்ணிய வியாபாரி அவர்!

அதே ஆண்டு ஜூலையில் குடும்பம் புனித பிளேசியார் தெரு வீட்டுக்குத் திரும்பியது. செலி பெண்ணாயிருந்தபோது தொழில் தொடங்கிய அதே வீடு. சன்னலருகே அமர்ந்து லேஸ் துண்டுகளை இணைத்துக்கொண்டிருக்கும் நேரமே தமக்கு மிகவும் இன்பமானது என்று அவர் எழுதியிருக்கிறார்.

ஆனால் எல்லா நாளும் இன்பமாயிருந்ததா? இல்லை. செலி எழுதிய கடிதங்களில் 218 இன்று நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றில் வியாபாரக் கவலை நிறைய உண்டு. ஆர்டர் அதிகமானால் அடிமைபோல் இரவும் பகலும் உழைக்க வேண்டும். ஆர்டர் இல்லாவிட்டாலோ, பாடுபட்டுத் தேடிய வேலைக்காரப் பெண்களை வேறு முதலாளிகளிடம் அனுப்ப நேருமே என்ற கலக்கம். இதைப் படித்தபோது, இரவு பத்து மணிக்குமேல் பற்றுவரவு நோட்டை விரித்துவைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும் என் அம்மாவின் முகம் என் கண்முன் வந்தது.

கடையில் தவழ்ந்த குழந்தை

1873 ஜனவரி 2ஆம் நாள், இவ்வீட்டு மாடி அறையில் ஒன்பதாவது குழந்தை பிறந்தது. அதுவே நம் தெரேசா. தாய்க்கு உடல்நலம் குன்றியிருந்ததால், குழந்தையைச் செமாலே என்னும் கிராமத்தில் ரோஸ் என்னும் பால்கொடுத்த தாயிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். ரோஸ் வியாழக்கிழமைகளில் வெண்ணெய் விற்க நகரச் சந்தைக்கு வருவாள். அப்படி ஒருநாள் குழந்தையைத் தாய்வீட்டில் விட்டுச் சென்றபோது, அது வீறிட்டு அழுதது. லேஸ் பெண்கள் வேலை கொடுக்க வரும் நாள் அது. நாட்டுப்புற உடையில் வந்த பெண்களிடம் குழந்தை தாவித் தாவிப் போயிற்றாம்; நாகரிகமாய் உடுத்திய ஒரு சீமாட்டி வந்ததும் பழையபடி அழத் தொடங்கிவிட்டதாம்! கடைக்கு வரும் ஏழைப் பெண்களின் கைகள்தான் அக்குழந்தைக்குப் பிடித்திருந்தன.

1874 ஏப்ரலில் தெரேசா வீட்டுக்கே திரும்பி வந்தாள். ஆனால் தாயோடு வாழ்ந்தது மூன்று ஆண்டுகளே. மார்பில் புற்றுநோய் கண்ட செலி, 1877 ஆகஸ்ட் 28ஆம் நாள் தம் 45ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். லேஸ் தொழிலும் அவரோடு முடிந்தது. அவ்வாண்டு நவம்பரில் லூயி ஐந்து பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு, செலியின் தம்பி வாழ்ந்த லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். அந்தத் தாய்மாமனும் மருந்துக்கடைக்காரர்தான்!

ஐந்து பெண்களும் கன்னியர் ஆனார்கள். தெரேசா 1925ஆம் ஆண்டில் புனிதை ஆனார். லூயியும் செலியும் 2015 அக்டோபர் 18ஆம் நாள் ஒருங்கே புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். கணவனும் மனைவியும் தம்பதியாகச் சேர்ந்து இந்நிலைக்கு உயர்த்தப்பட்டது அதுவே முதன்முறை. புனித பிளேசியார் தெரு வீட்டை ஒட்டி இன்று ஒரு சிற்றாலயம் உள்ளது. தெரேசா பிறந்த அறையை அதனுள்ளிருந்தே காணலாம். இயந்திர லேஸ் வந்தபின் நலிந்துபோன அலான்சோன் கைவேலையைக் காக்க 1976ஆம் ஆண்டில் அரசு ஒரு பட்டறையை ஏற்படுத்தியது. 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதை மனித குலத்தின் கலைச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இக்கலையை முழுமையாகக் கற்க ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகுமாம்.

என் வீட்டு வாசற்படி

நாம் பெரிய பெரிய அரண்மனைகளின் வரலாற்றைப் படிக்கிறோம். யார் கட்டினார், எப்போது கட்டினார் என்று மனப்பாடம் செய்கிறோம். கடை வீடுகளின் வரலாற்றை எவரும் கேட்பதில்லை. செலி கடிதம் எழுதியிராவிட்டால் அந்தச் சிறு வீட்டுக்குள் நடந்தவை யாருக்குத் தெரிந்திருக்கும்? ஒன்பது படைவீரர்களும், அழுத குழந்தையும், சன்னலருகே இருந்த நாற்காலியும் மறைந்தே போயிருக்கும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அப்பாயியிடம் உட்கார்ந்து எங்கள் கடை வீட்டின் கதையைக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரியாத செய்தி ஒன்று கிடைத்தது. கடை தொடங்கத் தாத்தாவிடம் பணம் இல்லாதபோது, அப்பாயி தம் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்களாம். "திருப்பி வாங்கிக்கொடுத்தாரா அப்பாயி?" என்று கேட்டேன். "வாசலைப் பார்" என்றார்கள். அவ்வளவுதான் பதில்.

சென்ற மாதம், முன்பு என்னைக் கேலி செய்த அதே தோழியை வீட்டுக்கு அழைத்து வந்தேன். பின்பக்கச் சந்து வழியாக அல்ல, கடை வழியாகவே! அப்பா அவளுக்கு ஒரு கை நிறையப் பொரிகடலை கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடையை மூடுவது பற்றி அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. நானும் அப்பாயியும் விடுவதாக இல்லை.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு தறியோ, தையல் இயந்திரமோ, தராசோ இருக்கக்கூடும். அதைக் கண்டு வெட்கப்படாதீர்கள். அது எப்படி அங்கே வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அன்றாட உழைப்பிலும் புனிதம் உண்டென்பதை அலான்சோன் கடை வீடு நமக்குக் காட்டுகிறது. அவ்வழியில் நாமும் நடக்க முயல்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு